மேம்படுத்தியதும் முடங்கும் மென்பொருள்: பழுது யாருடையது, பாரம் யாருக்கு?

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், இரவில் இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு காலையில் திறக்க மறுக்கிறது. தவறு எங்கே நடந்தது? இயங்குதளத்தை மாற்றியவரிடமா, மென்பொருளை எழுதியவரிடமா, யோசிக்காமல் பொத்தானை அழுத்தியவரிடமா? கணினித் துறை இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறது. பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

ஜெர்மானியக் கணினியியலாளர் ஆண்ட்ரியாஸ் ட்செல்லர் 1999-ல் இதே கேள்வியைத் தலைப்பாக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேர்வு, நிரல்களில் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற கருவி. அது 4.16-லிருந்து 4.17-க்கு மாறியதும், அதன்மேல் சாளர முகப்பாக இயங்கிய டிடிடி என்ற மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை. இரு பதிப்புகளுக்கும் இடையே மாறியிருந்தவை சுமார் 1,78,000 வரிகள். மாற்றங்களைக் கூறு கூறாகப் பிரித்துத் தானாகவே சோதிக்கும் முறை ஒன்றை ட்செல்லர் வகுத்து, குற்றவாளியைப் பிடித்தார். ஜிடிபி திரையில் காட்டும் ஒரு விளக்கச் செய்தியில் 'ஆர்குமென்ட்ஸ்' என்றிருந்தது 'ஆர்குமென்ட் லிஸ்ட்' என்று மாறியிருந்தது. மனிதர்கள் படிப்பதற்காக எழுதிய அந்த வாசகத்தை டிடிடி இயந்திரமாகப் படித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஜிடிபிக்காரர்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. டிடிடிக்காரர்களோ கண்ணெதிரே இருந்ததை நம்பினார்கள். பின்னாளில் கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் 'ஹைரம் விதி' என்று ஒன்று வழங்கலாயிற்று. பயனர் எண்ணிக்கை போதிய அளவு பெருகிவிட்டால், ஓர் அமைப்பு ஆவணத்தில் என்ன உறுதி தந்தது என்பது பொருட்டாகாது. வெளியே தெரியும் அதன் ஒவ்வொரு குணத்தையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் கருத்து. இயங்குதளங்களைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து உண்மை.

கேள்வியின் வயது

1964 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, இந்தச் சிக்கலுக்கு முதல் பெரிய விடை கிடைத்தது. அதற்கு முன் பெரிய கணினிக்கு மாறுவதென்றால் பெரும்பாலும் நிரல்களைத் திரும்ப எழுதியாக வேண்டும். ஒரே கட்டளைத் தொகுதியைச் சிறிய கணினியும் பெரிய கணினியும் புரிந்துகொள்ளும் என்று 360 உறுதி தந்தது.

அந்த உறுதியைக் காப்பாற்றுவது எத்தனை கடினம் என்பது பின்னர் தெரிந்தது. 360-ன் நினைவக முகவரி 24 பிட் நீளம். அதை வைக்கும் இடமோ 32 பிட். மிஞ்சிய எட்டு பிட்டுகளை வன்பொருள் கண்டுகொள்ளாது என்பதால், இடத்தை மிச்சப்படுத்த நினைத்த நிரலாளர்கள் அங்கே தங்கள் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். 1980-களில் முகவரியை நீட்டவேண்டிய நிலை வந்தபோது அந்தக் குறிப்புகளெல்லாம் முகவரியின் பகுதியாகிப் பழைய நிரல்களைக் குலைத்துவிடும் அபாயம் எழுந்தது. ஐபிஎம் 32 பிட்டுக்குப் போகாமல் 31-லேயே நின்றது. முகவரிப் பட்டியல் எங்கே முடிகிறது என்று காட்ட, மேல்முனை பிட்டைப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 24 பிட் முறையும் கைவிடப்படாமல் கூடவே வைக்கப்பட்டது. இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளிலும் அது உண்டு.

1984-ல் வந்த மெக்கின்டாஷில் இதே கதை திரும்ப நடந்தது. இம்முறை எட்டு பிட்டுகளில் குறிப்பெழுதியது வெளி நிரலாளர்கள் மட்டுமல்லர். ஆப்பிளின் சொந்த நினைவக மேலாண்மை நிரலும் அதையே செய்தது. 1991-ல் சிஸ்டம் 7 வழியே 32 பிட் முகவரி வந்தபோது, மேக் 2, எஸ்இ/30 போன்ற சில கணினிகளின் ராம் சில்லுகளல்ல, அவற்றின் நிலைநினைவகச் சில்லில் பதிந்திருந்த நிரலே அதற்குத் தடையானது. கனெக்டிக்ஸ் என்ற வெளி நிறுவனம் எழுதிய 'மோடு32' என்ற மென்பொருளுக்கு ஆப்பிள் உரிமம் பெற்றுப் பயனர்களுக்கு வழங்கிச் சமாளித்தது. விதியை எழுதியவரே விதியை மீறுவார் என்பதற்கு இது நல்ல சான்று.

சுமந்து செல்லும் வழி

பழைய நிரல் ஓடாவிட்டால் மக்கள் புதிய இயங்குதளத்தை வாங்கமாட்டார்கள். ஆகவே பழையதை ஓடவைப்பது இயங்குதளத்தின் வேலை. மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் கடைப்பிடித்த நிலைப்பாடு இது. இந்த மரபின் முகமாக அறியப்படுபவர் அங்கே பல்லாண்டுகளாகப் பணியாற்றும் ரேமண்ட் சென். இதன் புகழ்பெற்ற உதாரணத்தை 2004-ல் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிப் பரப்பினார். சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது: வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை அது உடனே மறுபடி படித்தது. பழைய விண்டோஸில் அந்த நினைவகம் அப்படியே கிடந்ததால் எதுவும் கெடவில்லை. விண்டோஸ் 95-ல் கெட்டது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் விளையாட்டைத் திருத்தச் சொல்லவில்லை. சிம்சிட்டி ஓடுகிறதா என்று இயங்குதளமே பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி செய்துவிட்டார்கள்.

பதிப்பு எண்ணிலும் இதே விட்டுக்கொடுத்தல் நடந்தது. விண்டோஸ் 3.10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க நினைத்த பல நிரல்கள், புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனியே ஒப்பிட்டன. அந்தக் கணக்கில் 4.0 என்பது 3.10-ஐவிடப் பழையதாகிவிடும். எனவே விண்டோஸ் 95 பழைய 16 பிட் நிரல்களிடம் தன்னை 3.95 என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7 உள்ளே 6.1 ஆகவே இருந்ததற்கும் இதுவே காரணம். விண்டோஸ் 95 வந்து கால் நூற்றாண்டு கழித்து, 2020-ல் மேக்ஓஎஸ் 11 வந்தபோது, பழைய கருவிகளால் உருவான நிரல்களிடம் அது தன்னை 10.16 என்று சொன்னது.

விஸ்டா (2007) இந்த வழியின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டியது. அதுவரை பெரும்பாலான வீட்டுப் பயனர்கள் முழு அதிகாரத்துடன் கணினியைப் பயன்படுத்தினார்கள். நிரல்களும் தங்கள் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவிலேயே எழுதிவந்தன. பாதுகாப்புக்காக விஸ்டா அந்த அடைவைப் பூட்டியது. ஆனால் பழைய 32 பிட் நிரல்கள் பிழை காட்டி நின்றுவிடக் கூடாதென்று ஒரு மாற்றுவழியும் வைத்தது. நிரல் அங்கே எழுத முயன்றால், அதற்குத் தெரியாமல் அந்தக் கோப்பு பயனரின் சொந்த அடைவுக்குள் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்குப் போய்விடும். நிரல் நிற்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு மென்பொருளில் காலையில் ஒருவர் பதிந்த விவரங்கள், மாலையில் அதே கணினியில் வேறு பெயரில் நுழைந்தவருக்குத் தெரியாது. காப்புப்படி எடுப்பவர் நிறுவல் அடைவை மட்டும் நகலெடுத்தால், அவர் கையில் கிடைப்பது மேம்படுத்திய நாளோடு நின்றுபோன பழைய தரவு. வெளிப்படையாக விழுந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் பழுது, இப்படி ஒளிந்துகொண்டது.

இந்த நிலைப்பாட்டின் மீது வைக்கப்படும் முக்கியமான குறை இதுதான்: பிழையை மறைத்தால் அதைத் திருத்தும் தேவையே எழுவதில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் குறை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் சோதனைக்கூடத்துக்கு எட்டிய நிரல்களுக்குத்தான் தனிச் சலுகை கிடைக்கும். சிம்சிட்டிக்குக் கிடைத்தது. ஒரு சிற்றூர் மருத்துவமனைக்காகவோ கூட்டுறவுச் சங்கத்துக்காகவோ ஒருவர் தனியாக எழுதிக்கொடுத்த நிரலை யார் சோதித்தார்கள்? எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மூல நிரலும் கைவசம் இருக்காது. உண்மையான இழப்பு நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

தேதி குறித்து வெட்டும் வழி

ஆப்பிளின் பாதை வேறு. மாற்றம் வரும்போது ஒரு பாலம் கட்டுவது, சில ஆண்டுகளில் அதை இடித்துவிடுவது என்பது அதன் பழக்கம். 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது பழைய நிரல்களுக்கு 'கிளாசிக்' என்ற சூழல் இருந்தது. 2007-ன் லெப்பர்டில் அது இல்லை. 2006-ல் இன்டெல் சில்லுக்கு மாறியபோது 'ரொசெட்டா' வந்தது. 2011-ன் லயனில் போனது. 32 பிட் நிரல்கள் விரைவில் ஓடாது என்று 2018-லிருந்து எச்சரிக்கைகள் தோன்றின. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினாவில் அவை நின்றன. இப்போதைய பாலமான ரொசெட்டா 2-க்கும் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது: மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாக, அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும்.

இந்த வழியின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தேதி தெரிந்தால் திட்டமிடலாம். இரண்டு தலைமுறை நிரல்தொகுப்புகளைச் சுமக்காத இயங்குதளம் எளிமையாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும். ஆனால் தேதி யாருக்குப் பயன்படும்? உயிரோடிருக்கும், திருத்தி வெளியிட மனமுள்ள நிறுவனத்துக்கு. கேட்டலினா வந்தபோது அடோபியின் சிஎஸ்6 பதிப்பைப் பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்கியிருந்தவர்கள் சிக்கினார்கள். ஃபோட்டோஷாப்பின் மைய நிரல் 64 பிட்தான். ஆனால் அதை நிறுவும் நிரலும் உரிமம் சரிபார்க்கும் பகுதியும் 32 பிட். அடோபி அதற்குள் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டிருந்தது. ஆக, இயங்குதளத்தின் தொழில்நுட்ப முடிவு ஒன்று, விற்பனையாளருக்கு வணிக வாய்ப்பாக முடிந்தது. ஆப்பிள் அதைத் திட்டமிட்டுச் செய்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் விலையைக் கொடுத்தவர் யார் என்பதில் ஐயமில்லை.

லினக்ஸின் வாக்கு எதுவரை?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் முதன்மை விதி கடுமையானது: பயனர் நிரலைக் குலைக்கும் எந்த மாற்றமும் கர்னலின் பிழையே, நிரலைப் பழிக்கக் கூடாது. 2012 டிசம்பரில், கர்னல் மாற்றத்தால் ஒலி நிரல்கள் கெட்டபோது அந்த நிரல்கள்மீது குறைசொன்ன மூத்த பங்களிப்பாளர் ஒருவரை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அஞ்சலில் கடிந்துகொண்ட தொனி இன்றும் விமர்சிக்கப்படுகிறது. விதியை எதிர்ப்பவர்கள் குறைவு.

ஆனால் பயனர் சந்திக்கும் லினக்ஸ் கர்னல் மட்டுமல்ல. 2010-ல் ஃபெடோரா 14-க்கு மாறியவர்களுக்கு ஃப்ளாஷ் காணொளிகளில் ஒலி சிதைந்து கேட்டது. நினைவகத்தை நகலெடுக்கும் 'மெம்காப்பி' என்ற அடிப்படைச் செயலை, புதிய சில்லுகளில் வேகமாக ஓடும்படி, ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் குழு திருத்தியிருந்தது. சில சமயம் அது பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாதென்று விதிநூல் சொல்கிறது. ஃப்ளாஷ் பயன்படுத்தியிருந்தது. விதிப்படி குற்றம் ஃப்ளாஷை வெளியிட்ட அடோபியுடையது. டோர்வால்ட்ஸே அந்த வழக்கில் நுழைந்து, விதிநூலைக் காட்டுவதால் பயனருக்கு என்ன கிடைக்கும் என்ற நோக்கில் வாதாடினார். பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையும் புதியவற்றுக்குப் புதியதும் கிடைக்கும்படி ஜிலிப்சி 2.14-ல் தீர்வு வந்தது. 2022-ல் அதே ஜிலிப்சியின் 2.36 பதிப்பு பழைய அட்டவணை ஒன்றைத் தன் கோப்புகளிலிருந்து நீக்கியபோது, விளையாட்டுகளில் மோசடியைத் தடுக்கும் ஒரு மென்பொருள் முடங்கியது. விவாதமும் ஏறக்குறைய அதேதான்.

கர்னலின் வாக்குறுதிக்கு உள்ளேயும் ஒரு விலக்கு இருக்கிறது. டிரைவர்கள் பயன்படுத்தும் உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பது அறிவிக்கப்பட்ட கொள்கை. கர்னலோடு சேராத டிரைவரை நம்பியவர் ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் அஞ்சவேண்டியிருக்கிறது.

பழுதைத் தேடும் கலை

பொறுப்பு பற்றிய விவாதம் எப்படிப் போனாலும், முடங்கிய கணினியின் முன் இருப்பவருக்கு முதலில் தேவை நோய்நாடல். மேம்படுத்தலுக்குப் பின் வரும் பழுதுகள் பெரும்பாலும் சில இனங்களுக்குள் அடங்கிவிடுகின்றன: அனுமதி மறுக்கப்படுவது, தேவைப்படும் லைப்ரரி காணாமல் போவது, பதிப்பு எண்ணைப் பார்த்து நிரலே பின்வாங்குவது, டிரைவர் ஏறாதது, இயங்குதளத்துக்கும் நிரலுக்கும் பிட் கணக்கு பொருந்தாதது. கடைசி இனத்தைக் கண்டறிவது எளிது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது; 32 பிட் நிரல் ஓடும், 32 பிட் டிரைவர் ஏறாது. நிரல் திறந்தும் பழைய ஸ்கேனர் மட்டும் பேசவில்லை என்றால் சந்தேகம் முதலில் அங்கே போகவேண்டும்.

மற்றவற்றுக்கு, புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நிரலைத் திறந்து பார்ப்பது மலிவான, பயனுள்ள சோதனை. அங்கே ஓடினால் கோளாறு பழைய கணக்கின் அமைப்புகளில் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு நிரல் தொடும் கோப்புகளைக் கண்காணிக்கலாம். விண்டோஸில் 'பிராசஸ் மானிட்டர்', லினக்ஸில் 'எஸ்டிரேஸ்' இதற்கானவை. இவற்றில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிராசஸ் மானிட்டரில் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்ற வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும். ஒரு கோப்பைப் பல அடைவுகளில் வரிசையாகத் தேடுவது விண்டோஸின் இயல்பு என்பதால் அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. 'ஆக்சஸ் டினைட்' வரிகளையும், நிரல் விழுவதற்குச் சற்று முன் கடைசியாகத் தேடிக் கிடைக்காத கோப்பையும் பார்ப்பதே சுருக்கமான வழி. எதுவும் பிடிபடாவிட்டால், விண்டோஸ் 10, 11-ல் பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாகத் தரப்படும் அவகாசம் 10 நாள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ட்செல்லரின் முறைக்கும், இன்று நிரலாளர்கள் தினமும் பயன்படுத்தும் 'கிட் பைசெக்ட்' போன்ற இருகூறாக்கும் முறைக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: இரு பதிப்புகளுக்கும் இடைப்பட்ட மாற்றங்கள் தனித்தனியாகக் கையில் இருக்கவேண்டும். அவை இருந்தால் ஆயிரம் மாற்றங்களிலிருந்து குற்றவாளியைச் சுமார் பத்தே சோதனைகளில் பிரித்தெடுக்கலாம். மூடிய இயங்குதளத்தின் பயனருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரே பெரிய மாற்றம், ஒரே பிழைச் செய்தி. நோய்நாடும் திறமை எத்தனை இருந்தாலும் தரவு மறுபக்கத்தில்தான் இருக்கிறது. பொறுப்பைப் பற்றிய விவாதங்களில் இந்த ஏற்றத்தாழ்வுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை.

பழைய உலகை அப்படியே வைத்திருத்தல்

நான்காவது நிலைப்பாடு, நிரலையும் திருத்தவேண்டாம், இயங்குதளத்தையும் நிறுத்தவேண்டாம், பழைய சூழலைப் புதியதற்குள் போலச்செய்து வைக்கலாம் என்கிறது. 1995-ல் கணினியியலாளர் ஜெஃப் ரோதன்பெர்க், மின்னணு ஆவணங்களின் நெடுநாள் பாதுகாப்புக்கு இதை வலியுறுத்தினார். 1993-ல் தொடங்கிய வைன், 2002-ல் வந்த டாஸ்பாக்ஸ், விண்டோஸ் 7-ன் எக்ஸ்பி மோடு, இன்றைய கொள்கலன் முறைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த எண்ணத்தின் வாரிசுகள். சில பழைய விண்டோஸ் விளையாட்டுகள் இன்றைய விண்டோஸைவிட லினக்ஸில் வைன் வழியே நன்றாக ஓடுகின்றன.

எல்லைகளும் தெளிவானவை. கொள்கலன் தன் கீழுள்ள கர்னலைப் பகிர்ந்துகொள்கிறது; டிரைவர் சிக்கல் அதனால் தீராது. வலையமைப்போடு இணைந்த பழைய இயங்குதளம் பழைய ஓட்டைகளோடுதான் வாழும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது, ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

தமிழ்க் கோப்புகளுக்கு இந்த நிலைப்பாடு நேரடியாகத் தொடர்புடையது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். விண்டோஸ் 2000 முதலே தமிழ் யூனிகோடு ஆதரவு வந்துவிட்டது. தமிழக அரசும் 1999-ல் தாப், தாம் குறியீடுகளை ஏற்று, 2010-ல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பேஜ்மேக்கரில் வடிவமைத்த நூல்கள் நிரல், எழுத்துரு, விசைப்பலகை ஆகிய மூன்றையும் ஒருசேர நம்பியிருக்கின்றன. குறிமாற்றிகள் எழுத்துகளை மீட்டுத்தரும். பக்க அமைப்பு, வரி முறிவு, அட்டவணைகளைக் காப்பாற்ற அந்தச் சூழல் முழுவதையும் பாதுகாப்பதைவிடச் சிறந்த வழி இன்னும் தென்படவில்லை.

தீராதவை

இந்த நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், எதுவும் செலவை ஒழிக்கவில்லை, இடம் மாற்றுகிறது என்றே தோன்றுகிறது. மைக்ரோசாஃப்டின் வழியில் அது இயங்குதளத்தின் சிக்கலாகவும் பாதுகாப்புக் குறையாகவும் சேர்கிறது. ஆப்பிளின் வழியில் பயனரின் பணப்பையிலிருந்து போகிறது. லினக்ஸில் கர்னலுக்கு மேலே உள்ள அடுக்குகளுக்கும் டிரைவர் எழுதுபவர்களுக்கும் தள்ளப்படுகிறது. ஆவணத்தில் எழுதியதை மீறியவரே குற்றவாளி என்ற அளவுகோல் நீதிமன்றத்துக்குப் பொருந்தலாம். ஃப்ளாஷும் ஜிடிபியும் காட்டுவதுபோல், நடைமுறையில் அது தீர்வுக்கு உதவியது குறைவு. முன்னறிவிப்பு, படிக்கத்தக்க பிழைச் செய்தி, பழைய சூழலுக்குத் திரும்ப ஒரு கதவு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் இயங்குதளம் எதுவும் இல்லை. தனித்தனியாக மூன்றையும் யாரோ ஒருவர் செய்துகாட்டியிருப்பதால் அவற்றைக் கேட்பது மிகையான கோரிக்கையும் அல்ல.

பழைய சூழலைப் பாதுகாப்பதே விடை என்பவர்களுக்கு ஒரு புதிய தடை வளர்ந்துவருகிறது. இணையம் வழியே உரிமம் சரிபார்க்கும் மென்பொருளுக்கு, மறுமுனையில் உள்ள சேவையகம் மூடப்பட்டால் எந்தப் போலச்செய்தலும் முழுமையாக உதவாது. சட்டமும் பாதி தூரமே வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 2027 டிசம்பரிலிருந்து முழுமையாகப் பொருந்தவிருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், பொதுவாக ஐந்தாண்டுகளுக்குக் குறையாத ஆதரவுக் காலத்தை உற்பத்தியாளர்கள் வரையறுத்து அறிவிக்கவேண்டும் என்கிறது. அந்த ஆதரவு பாதுகாப்புத் திருத்தங்களைப் பற்றியது. அந்த ஐந்தாண்டுக்குள் வரும் அடுத்த இயங்குதளத்திலும் வாங்கிய மென்பொருள் ஓடவேண்டும் என்ற கடமை அதில் வைக்கப்படவில்லை. அந்தக் கடமையை யார்மீது வைப்பது, விற்றவர்மீதா, இயங்குதளத்தை மாற்றியவர்மீதா என்பதில் சட்டம் இயற்றுபவர்களும் பொறியாளர்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.